பூச்சி எண்ணுவதால் நமக்கென்ன லாபம்?

(ஓசூரில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சென்ற மாதம் சிப்காட் வாசலில் ஷிப்டு முடிந்து வந்த தோழர்களோடு டீ குடித்துக்கொண்டிருந்தோம். அப்போது ஒரு தோழர் எங்களிடம் ஒரு கேள்வி போட்டார். அவருடைய மைத்துனர் மகள் விவசாயப் பல்கலைக்கழகத்தில் மேல்படிப்புப் படிக்கிறாளாம். என்னம்மா படிக்கிறாய் என்று கேட்டால், ஓர் இலையில் எத்தனை பூச்சி இருக்கிறது என்று எண்ணுகிறேன் மாமா என்கிறாளாம்.

"வருஷக்கணக்கில் சர்க்கார் பணத்தில் பூச்சி எண்ணுகிறார்களே, தோழர்! அதனால் நமக்கென்ன லாபம்? அந்தப் பணத்தில் எங்கள் காலனிக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டலாமே!" என்றார் அவர்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நாங்கள் சிரிக்கவில்லை. கேள்வி நியாயமான கேள்வி. சர்க்கார் பணம் என்பது நம்முடைய பணம். நாம் வாங்கும் தீப்பெட்டியிலும் சோப்பிலும் வரி இருக்கிறது. அந்தப் பணம் எங்கே போகிறது, என்னவாகத் திரும்பி வருகிறது என்று கேட்க உழைப்பாளிக்குப் பூரண உரிமை உண்டு.

ஆனால் அன்றைக்கு எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. நாங்கள் மெட்ரிக்கோடு நின்றவர்கள். உயிரியல் என்றால் நோட்டில் தவளைப் படம் வரைந்ததுதான் ஞாபகம். ஆகவே விஷயம் தெரிந்தவர்களைத் தேடிப் போய்க் கேட்டோம், கிடைத்ததைப் படித்தோம். தெரிந்துகொண்டதை இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

வெள்ளைப் பஞ்சு வந்த கதை

2008-ம் வருஷம் கோவைப் பக்கத்தில் பப்பாளி மரங்களில் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியதுபோல ஏதோ தென்பட்டது. விவசாயிகள் முதலில் அதைப் பெரிதாக எண்ணவில்லை. சில மாதங்களில் காயெல்லாம் வெள்ளை பூத்தது. இலை சுருண்டது. மரம் பட்டது. பப்பாளியோடு அது நிற்கவில்லை. மல்பெரிக்குப் போயிற்று. மரவள்ளிக்குப் போயிற்று. கத்தரி, தக்காளி, பருத்தி, வேலியோரச் செம்பருத்தி, தரிசில் கிடக்கும் பார்த்தீனியம் எதையும் அது விடவில்லை. இரண்டு வருஷத்துக்குள் ஈரோடு, திருப்பூர், சேலம் என்று தமிழ்நாடு நெடுகப் பரவி, கர்நாடகத்துக்கும் கேரளத்துக்கும் போய்விட்டது.

இதுதான் பப்பாளி மாவுப்பூச்சி. ஒரு பெண் பூச்சி நூற்றுக்கணக்கில் முட்டையிடும். பூச்சி செடியின் சாற்றை உறிஞ்சிக் குடித்துத் தேன்போல ஒரு பிசினைக் கக்கும். அதன்மேல் கரும்பூசணம் படரும். இலை கறுத்துப் போகும். பிசினை நக்க எறும்பு வரும். வந்த எறும்பு பூச்சிக்குக் காவலும் இருக்கும்.

மல்பெரி என்றால் என்ன அர்த்தம் என்று ஓசூர், கிருஷ்ணகிரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மல்பெரி இலை இல்லாவிட்டால் பட்டுப்புழு இல்லை. புழு இல்லாவிட்டால் கூடு இல்லை. கூடு இல்லாவிட்டால் சந்தை இல்லை. நூற்பவனுக்கும் முறுக்குபவனுக்கும் வேலை இல்லை. மரவள்ளி என்றால் என்ன? தருமபுரி, சேலம், நாமக்கல் பக்கத்தில் குச்சிக்கிழங்கு நடுகிறவர், பிடுங்குகிறவர், வண்டியேற்றுகிறவர், சேகோ ஆலையில் மாவு காயவைக்கும் பெண்கள் என ஆயிரக்கணக்கான குடும்பங்களின் கூலி.

மாவுப்பூச்சி விழுந்த தோட்டங்களில் முதலில் நின்றது எது? கூலிதான். தோட்டக்காரனுக்கு நஷ்டம், வாஸ்தவம். அவனுக்கு வேறு நிலம் இருக்கலாம், பாங்கில் கடன் கிடைக்கலாம். இலை பறிக்கப் போன பெண்ணிடம், "நாளைக்கு வராதே அம்மா, பறிக்க இலை இல்லை" என்று சொல்லிவிட்டால், அந்த வாரத்து அரிசிக்கு அவள் எங்கே போவாள்?

மருந்து அடித்தும் சாகவில்லை

மருந்து அடித்தால் போகாதா என்று கேட்பீர்கள். அடித்தார்கள். மறுபடியும் மறுபடியும் அடித்தார்கள். சாகவில்லை.

காரணம் இருக்கிறது. அந்தப் பூச்சியின் உடம்பை மூடி மெழுகுப் பொடி இருக்கிறது. முட்டைகள் பஞ்சுப் பைக்குள் பத்திரமாக இருக்கின்றன. தெளித்த மருந்து மேலேயே வழிந்து போய்விடும். அடித்த அன்று கொஞ்சம் சாகும். மிச்சமிருந்த முட்டை சில நாளில் பொரிந்து பழையபடி வெள்ளை பூக்கும். கேடு அதோடு போகவில்லை. மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டு போன்ற நல்ல பூச்சிகளை அந்த விஷம் கொன்றுவிட்டது.

மல்பெரிக்காரன் பாடு இன்னும் மோசம். பட்டுப்புழு விஷத்தைத் தாங்காது. மருந்தடித்த இலையைப் போட்டால் புழு செத்துவிடும். மருந்து அடிக்காவிட்டால் இலை போகிறது. அடித்தால் புழு போகிறது.

இந்த மருந்தை அடிப்பது யார் தோழர்களே? மருந்துக் கம்பெனியின் டைரக்டரா? முதுகில் டாங்கியைச் சுமந்துகொண்டு, மூக்கில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் நின்று அடிப்பவர் நம்மவர். இரவில் தலைச்சுற்றல், வாந்தி, கண் எரிச்சல். கேட்டால் வெயில் என்பார்கள். வரப்போரம் கிடக்கும் காலி டப்பாவில் தண்ணீர் மொண்டு குடிப்பவை நம் குழந்தைகள். மருந்து விற்றவனுக்குப் பூச்சி சாகாததில் நஷ்டம் ஒன்றுமில்லை. சாகாவிட்டால் இன்னொரு டப்பா விற்கும்!

கடுகிலும் சிறிய குளவி

இங்கேதான் பூச்சி எண்ணுகிறவர்கள் வருகிறார்கள்.

முதல் வேலை என்ன? இது எந்தப் பூச்சி என்று சரியாகச் சொல்வது. மாவுப்பூச்சியில் எத்தனையோ இனம் உண்டு. கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். பூதக்கண்ணாடியின் கீழ் வைத்து, மயிர், கால், துளை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் இனம் பிரிக்க முடியும். இப்படிப் பிரித்துப் பார்த்ததில், இது மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கத்துப் பூச்சி என்று தெரிந்தது. 1992 வரை இந்தப் பூச்சிக்கு விஞ்ஞானப் பெயர்கூட வைக்கப்படவில்லை. ஏன்? சொந்த ஊரில் அது யாருக்கும் பெரிய தொல்லை கொடுக்கவில்லை!

அங்கே தொல்லை கொடுக்காத பூச்சி இங்கே வந்து ஏன் ஊரை அழிக்கிறது? அங்கே அதற்கு விரோதி உண்டு. இங்கே விரோதி இல்லை. பூச்சி மட்டும் செடியோடு கப்பலேறி வந்துவிட்டது. அதை அடக்குகிறவன் பின்தங்கிவிட்டான். கேட்டால் மிகச் சாதாரணமாகத் தோன்றும் இந்த உண்மைதான் எல்லாவற்றுக்கும் திறவுகோல்.

அந்த விரோதி ஒரு குளவி. நாம் கொட்டு வாங்கும் குளவி அல்ல. கடுகில் பாதிகூட இராது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. மனிதனைக் கொட்டாது. பெண் குளவி மாவுப்பூச்சிக் குஞ்சைத் தேடிப் போய், அதன் உடம்புக்குள் ஒரு முட்டை வைக்கும். முட்டையிலிருந்து வரும் புழு மாவுப்பூச்சியை உள்ளிருந்தே தின்னும். மாவுப்பூச்சி உப்பிக் காய்ந்து கூடாகிவிடும். கூட்டில் துளையிட்டுப் புதுக் குளவி வெளியே வந்து அடுத்த பூச்சியைத் தேடும். வேறு வேலை அதற்குத் தெரியாது. மருந்து எட்டாத இலையடிக்கும் பட்டை இடுக்குக்கும் அது போகும்.

இப்படிப்பட்ட குளவிகளை 1999-ல் அமெரிக்க விவசாய இலாகா விஞ்ஞானிகள் மெக்சிகோவில் தேடிப் பிடித்தார்கள். பிறகு பியூர்டோ ரிக்கோ தீவில் வைத்து வளர்த்தார்கள். கரீபியன் தீவுகளிலும் பசிபிக் தீவுகளிலும் அவற்றை விட்டுப் பார்த்ததில் நல்ல பலன் கிடைத்தது. வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் வேலை செய்த முனியப்பன் என்ற பூச்சியியல் அறிஞர் இந்த அனுபவத்தை நம் நாட்டுக்குக் கொண்டுவர முன்நின்றார்.

2010-ல் மூன்று இனக் குளவிகள் பியூர்டோ ரிக்கோவிலிருந்து பெங்களூர் வந்து சேர்ந்தன. எங்கே வந்தன தெரியுமா? நமக்கு அத்திப்பள்ளி சோதனைச் சாவடி தாண்டினால் பெங்களூர். அங்கே ஹெப்பாளில் மத்திய சர்க்காரின் பூச்சி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வந்த குளவியை உடனே திறந்து விட்டுவிடவில்லை. பூட்டிய கூடத்தில் வைத்து, வேறு நல்ல பூச்சிகளைத் தாக்குமா என்று சோதித்தார்கள். ஒரு தொல்லையை ஒழிக்க இன்னொரு தொல்லையைக் கொண்டுவந்துவிடக் கூடாதல்லவா?

சோதித்த பிறகு பெருக்க ஆரம்பித்தார்கள். பெருக்குவது எப்படி? முளைவிட்ட உருளைக்கிழங்கின்மேல் மாவுப்பூச்சியை வளர்த்து, அதன்மேல் குளவியை விடுவார்கள். பெரிய யந்திரம் ஏதுமில்லை. கிழங்கும் கூண்டும் பொறுமையும்தான். கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதை வாங்கித் தன் ஆராய்ச்சி நிலையங்களிலும் விவசாய அறிவியல் நிலையங்களிலும் பெருக்கிற்று. குப்பிகளில் அடைத்து விவசாயிகள் கையில் கொடுத்தார்கள். "தோட்டத்தில் விட்டுவிடுங்கள். மருந்து மட்டும் அடிக்காதீர்கள், அடித்தால் குளவி செத்துவிடும்" என்று சொல்லிக் கொடுத்தார்கள்.

பலன் என்ன? 2010 கடைசியில் விட ஆரம்பித்த குளவி 2011-க்குள் தோட்டந்தோட்டமாகப் பரவி மாவுப்பூச்சியை அடக்கிவிட்டது. மல்பெரி தளிர்த்தது. புழுவுக்கு விஷமில்லாத இலை கிடைத்தது. இலை பறிக்க மறுபடியும் ஆள் கூப்பிட்டார்கள்.

முதலாளி ஏன் இதைச் செய்யமாட்டான்?

கணக்குப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். வர்ஜீனியா டெக் அறிஞர்களும் நம் நாட்டு அறிஞர்களும் சேர்ந்து 2014-ல் ஒரு மதிப்பீடு வெளியிட்டார்கள். இந்தக் குளவியால் ஐந்து வருஷத்தில் இந்தியாவுக்குக் கிடைத்த நன்மை, குறைத்துப் போட்டால் 52 கோடி டாலர். கூட்டிப் போட்டால் 134 கோடி டாலர். கிழங்குக்கும் கூண்டுக்கும் குப்பிக்கும் ஆன செலவை அதன் பக்கத்தில் வைத்தால் மலைக்குப் பக்கத்தில் மடுவுகூட அல்ல.

இவ்வளவு லாபம் தரும் காரியத்தை ஒரு கம்பெனி ஏன் செய்யவில்லை? இதைத்தான் நாம் நன்றாக யோசிக்க வேண்டும்.

மருந்து டப்பா தீரும். தீர்ந்தால் விவசாயி மறுபடியும் வருவான். குளவி தீராது. ஒருமுறை விட்டால் தானே பெருகும். அடுத்த காட்டுக்குத் தானே பறந்து போகும். காசு கொடுத்தவன் காட்டில் மட்டும் இரு என்று அதற்கு உத்தரவு போட முடியாது. கேட்டுக்கு வெளியே நிறுத்தவும் முடியாது. விலை வைக்க முடியாத சரக்கு அது. நாட்டுக்கு கோடிக்கணக்கில் லாபம்; கம்பெனிக்கு நஷ்டம்! இப்படிப்பட்ட விஞ்ஞானம் சந்தையில் பிறக்காது. பொதுப் பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகத்திலும் பொது ஆராய்ச்சிக் கூடத்திலும்தான் பிறக்கும்.

கம்பெனி விஞ்ஞானமே உதவாது என்று நாங்கள் சொல்லவில்லை. கம்பெனியும் மருந்து செய்கிறது, விதை செய்கிறது. அவற்றில் நல்லதும் உண்டு. ஆனால் விற்க முடிந்ததை மட்டுமே அது செய்யும். விற்க முடியாத நன்மையை யார் செய்வது? இதுதான் கேள்வி.

சேலத்துக்கு வந்த ஆப்பிரிக்க உதவி

ஒருமுறை செய்தால் போதும், பிறகு கூடத்தைப் பூட்டிவிடலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. அவர்களுக்கும் பதில் கிடைத்துவிட்டது.

2020-ல் இன்னொரு மாவுப்பூச்சி வந்தது. இது மரவள்ளிக்கென்றே பிறந்தது. கேரளத்தில் முதலில் தெரிந்து, சேலம், நாமக்கல், தருமபுரிப் பக்கம் பரவிற்று. குருத்தெல்லாம் முடிச்சு விழுந்து கிழங்கு சிறுத்தது. பழைய குளவி இதற்கு உதவாது. இந்தப் பூச்சிக்கு வேறு குளவி.

அந்தக் குளவிக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1970-களில் இதே பூச்சி தென் அமெரிக்காவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தது. மரவள்ளிதான் அங்கே கோடிக்கணக்கான ஏழைகளின் சோறு. கிழங்கு போய்ப் பஞ்சம் வரும் நிலை. 1981-ல் பராகுவே நாட்டில் அதன் விரோதியான குளவியைக் கண்டுபிடித்தார்கள். நைஜீரியாவில் இருக்கும் சர்வதேச ஆராய்ச்சி நிலையத்தில் ஹான்ஸ் ஹெரன் என்ற விஞ்ஞானியும் அவருடைய கூட்டாளிகளும் அதைப் பெருக்கி, நாடு நாடாக விட்டார்கள். மரவள்ளி பிழைத்தது. 1995-ல் ஹெரனுக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது.

நாற்பது வருஷம் கழித்து, 2021-ல், அதே குளவி ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து பெங்களூருக்கு வந்தது. 2022 மார்ச்சில் சேலம் ஜில்லா ஏத்தாப்பூரில் உள்ள பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்தில் அதை விட்டார்கள். தோழர்களே, ஆப்பிரிக்க ஏழைக்காகத் தேடிய அறிவு சேலத்துக் கூலிக்காரனுக்கு உதவ வந்தது. யாரும் அதற்குப் பேடண்டு கேட்கவில்லை.

கவனியுங்கள்: 2010-ல் குளவி வளர்க்கக் கற்றுக்கொண்ட ஆட்களும் கூடங்களும் இருந்ததால்தான் 2021-ல் உடனே வேலை தொடங்க முடிந்தது. தீ பிடித்த பிறகு கிணறு வெட்ட முடியாது. பூச்சி வராத வருஷத்திலும் பூச்சி எண்ணுகிறவன் இருக்க வேண்டும்.

களி உருண்டைக்குள் இருக்கும் ஆராய்ச்சி

பட்டும் சேகோவும் எங்களுக்கு எட்டாத சரக்கு என்பீர்கள். சரி, களியைப் பார்ப்போம். தமிழ் பேசுகிறவரும் தெலுங்கு பேசுகிறவரும் கன்னடம் பேசுகிறவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடும் பொருள் இந்த எல்லைப்புறத்தில் ராகிக் களிதான்.

ராகிப் பூ மிகச் சிறியது. தன் மகரந்தத்தாலேயே தான் கருவுறும். ஆகவே இரண்டு ரகத்தைக் கலந்து புது ரகம் உண்டாக்குவது வெகு சிரமம். இந்தச் சிரமமான காரியத்தில் தன் ஆயுளையே செலவிட்டவர் லட்சுமணய்யா. கர்நாடகத்தில் மண்டியாவிலுள்ள வி.சி. பண்ணையில் வேலை செய்தவர். அந்தப் பண்ணை பின்னால் பெங்களூர் விவசாயப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. இந்திய ராகியையும் ஆப்பிரிக்க ராகியையும் அவர் கலந்தார். அப்படிப் பிறந்த ரகங்களுக்கு இரண்டு கண்டங்களின் பெயரையும் சேர்த்து 'இண்டாஃப்' என்று பெயர் வைத்தார்கள். பிறகு அதே பல்கலைக்கழகத்திலிருந்து, குலைநோயைத் தாங்கும் ஜி.பி.யு. 28 ரகம் வந்தது. நம் பக்கத்தில் காவேரிப்பட்டணத்துக்கு அருகே பையூரில் இருக்கும் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையமும் மானாவாரிக்கென்று ராகியும் கொள்ளும் தேர்ந்து கொடுத்திருக்கிறது.

இங்கும் அதே விஷயம்தான். ராகி தன்னைத் தானே கருவுறச் செய்வதால், நல்ல ரகத்தை ஒருமுறை வாங்கினால் அடுத்த வருஷம் அந்தக் கதிரிலேயே விதை எடுத்து வைத்துக்கொள்ளலாம். பக்கத்து வீட்டுக்கு ஒரு படி கொடுக்கலாம். வருஷா வருஷம் கடைக்கு ஓட வேண்டியதில்லை. விதை வியாபாரிக்கு இதில் ஆசை வருமா? வராது. ஏழை தின்னும் தானியம், விற்றுப் பணம் பண்ண முடியாத விதை. பல்கலைக்கழகம் செய்யாவிட்டால் யாரும் செய்யமாட்டார்கள்.

மண்ணிலிருந்து வந்த காசநோய் மருந்து

ஆலைத் தோழர்கள் கேட்கலாம்: எல்லாம் காடு கழனி விஷயமாகவே இருக்கிறதே என்று.

காசநோயை எடுத்துக்கொள்ளுங்கள். பஞ்சுத் தூசியிலும் நெருக்கமான குடியிருப்பிலும் வாழ்ந்த நம் பாட்டன்மாருக்கு அது எமன். அதற்கு முதல் வலுவான மருந்து எங்கே பிறந்தது? 1943-ல் அமெரிக்காவில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் விவசாயக் கல்லூரியில். மண்ணில் வாழும் நுண்ணுயிர்களை ஆராய்ந்துகொண்டிருந்த ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற மாணவர், அடித்தளக் கூடத்தில் இராப்பகலாக வேலை செய்து ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டுபிடித்தார். எருப்போட்ட மண்ணில் என்ன உயிர் இருக்கிறது என்று பார்ப்பதால் யாருக்கு லாபம் என்று அன்றும் கேட்டிருப்பார்கள்!

அந்த மாணவருக்கு மாதம் 40 டாலர்தான் கிடைத்தது. 1952-ல் நோபல் பரிசு அவருடைய பேராசிரியர் வாக்ஸ்மனுக்கு மட்டும் போயிற்று. 1950-ல் ஷாட்ஸ் கோர்ட்டுக்குப் போன பிறகுதான் அவரும் சேர்ந்து கண்டுபிடித்தவர் என்று ஒப்புக்கொண்டு வருமானத்தில் ஒரு பங்கு கொடுத்தார்கள். உழைத்தவன் ஒருவன், பெயர் வாங்கியவன் ஒருவன் என்பது ஆலையில் மட்டும் நடக்கிற காரியமல்ல, தோழர்களே.

நம் சென்னையிலும் ஒரு பெரிய காரியம் நடந்தது. ஸ்ட்ரெப்டோமைசினைத் தொடர்ந்து வேறு காசநோய் மருந்துகளும் வந்தன. ஆனால் நோயாளியை மாதக்கணக்கில் சானடோரியத்தில் வைத்து நல்ல காற்றும் நல்ல சாப்பாடும் கொடுத்தால்தான் குணமாகும் என்று உலகமே நம்பிக்கொண்டிருந்தது. ஏழைக்கு அதற்கு வழி ஏது? 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், நகரத்து ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரை வீட்டிலும் மறு பகுதியினரைச் சானடோரியத்திலும் வைத்து மருந்து கொடுத்துப் பார்த்தது. 1959-ல் முடிவு வெளியாயிற்று. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் வீட்டிலும் அதேபோல் குணமாகிறது! சேரிக் குடிசையில் எடுத்த அந்தக் கணக்கு உலகம் முழுவதும் காசநோய் வைத்தியத்தையே மாற்றியது. இதுவும் 'எண்ணுகிற' வேலைதான்.

லாபம் யாருக்குப் போய்ச் சேருகிறது?

இவ்வளவையும் சொல்லிவிட்டு ஒரு கசப்பான உண்மையை மறைத்தால் அது நேர்மையாகாது.

குளவி மல்பெரியைக் காப்பாற்றியது. இலை பறிக்கும் பெண்ணின் கூலியை அது உயர்த்தவில்லை. கோடிக்கணக்கான டாலர் மிச்சம் என்று கணக்குப் போட்டார்களே, அதில் எத்தனை காசு கூலிக்காரர் மடிக்கு வந்தது? நின்றுபோன வேலை திரும்ப வந்தது. அதுவே பெரிய காரியம்தான். அதற்குமேல் தானாக எதுவும் வராது. விளைச்சலைப் பெருக்க விஞ்ஞானத்தால் முடியும். விளைந்ததைப் பங்கு போடுவது விஞ்ஞானத்தின் வேலை அல்ல. அது சங்கத்தின் வேலை, நம்முடைய வேலை.

ஆனால் இதைச் சாக்காக வைத்து, எங்களுக்கு விஞ்ஞானமே வேண்டாம் என்று சொன்னால் யாருக்கு நஷ்டம்? இலையே இல்லாத தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு என்ன பயன்?

இன்னொரு விஷயம். ஆராய்ச்சியும் உழைப்புத்தான். கூண்டில் கிழங்கு அடுக்குகிறவர், பண்ணையில் களை எடுக்கும் தினக்கூலிப் பெண், விடுமுறை நாளிலும் வந்து பூச்சி எண்ணும் மாணவி எல்லோரும் சேர்ந்துதான் அந்தக் குளவி பறந்தது. 2023-ல் நாடெங்கும் ஆராய்ச்சி மாணவர்கள் உதவித்தொகை உயர்வு கேட்டுத் தெருவுக்கு வந்தார்கள். அதன் பிறகே மாதம் 31,000 ரூபாய் என்பது 37,000 ஆயிற்று. அதுவும் மாதாமாதம் கைக்கு வருகிறதா என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் கோட்டுப் போட்டிருப்பதால் நம்மவர் இல்லை என்று நினைக்காதீர்கள்.

நம் நாடு ஆராய்ச்சிக்கு எவ்வளவு செலவு செய்கிறது? 2020-21 கணக்குப்படி, நாட்டின் மொத்த உற்பத்தியில் 100 ரூபாய்க்கு 64 காசு. எல்லா விஞ்ஞானமும் சேர்ந்து இவ்வளவுதான். சீனாவில் இது 2 ரூபாய்க்கு மேல். தண்ணீர்த் தொட்டிக்குப் பணம் இல்லாமல் போனது பூச்சி எண்ணுகிறவர்களால் அல்ல, தோழரே! தொட்டியும் கட்ட வேண்டும். பூச்சியும் எண்ண வேண்டும். ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறுப்பவனிடம் ஏமாந்துவிடாதீர்கள்.

நாம் செய்ய வேண்டியது

நமது கோரிக்கைகள் தெளிவானவை. பொது ஆராய்ச்சி நிலையங்களில் காலியாகும் இடங்களை நிரந்தர ஊழியர்களைக் கொண்டு உடனுக்குடன் நிரப்ப வேண்டும். ஆராய்ச்சி மாணவர் உதவித்தொகையும் பண்ணைத் தொழிலாளர் கூலியும் காலத்தில் கொடுக்க வேண்டும். பொதுப் பணத்தில் கண்டுபிடித்த விதையும் குளவியும் பொதுச் சொத்தாகவே இருக்க வேண்டும். கண்டுபிடிப்பைப் பட்டாக்காரரைக் கூப்பிட்டு மண்டபத்தில் சொல்லிவிட்டுப் போனால் போதாது. காட்டில் வேலை செய்கிறவர்களுக்கு, தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும், வேலை செய்கிற இடத்திலேயே சொல்ல வேண்டும். மருந்தடிப்பவருக்குக் கையுறையும் முகமூடியும் கொடுக்காத தோட்டத்தில் மருந்தடிக்க முடியாது என்று சங்கம் சொல்ல வேண்டும்.

நாமும் செய்ய வேண்டியது உண்டு. செடியைத் தினமும் தொட்டுப் பார்ப்பவர் நாம். இலையில் புதிதாக வெள்ளை பூத்தால், குருத்து முறுக்கினால், அதை முதலில் காண்கிற கண் நம் கண்தான். கண்டதும் ஓர் இலையைக் கிள்ளிப் பைக்குள் வைத்துக் கட்டிப் பையூருக்கோ விவசாய அறிவியல் நிலையத்துக்கோ கொண்டு போய்க் காட்டுங்கள். கூலிக்காரன்தானே என்று கூச்சப்படாதீர்கள். அந்தக் கூடம் நம் வரிப் பணத்தில் நடக்கிறது. கேட்க நமக்கு உரிமை. பதில் சொல்வது அவர்கள் கடமை. வந்த பூச்சியை ஒரு மாதம் முந்திக் கண்டுபிடித்தால் எத்தனையோ பேருடைய வேலை மிஞ்சும்.

சிப்காட் வாசலில் கேள்வி கேட்ட தோழர் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார் என்று நினைக்கிறோம். தோழரே, உங்கள் மைத்துனர் மகள் இலையில் பூச்சி எண்ணுகிறாள் என்றீர்கள். குளவி விடுவதற்கு முன் எத்தனை பூச்சி, விட்ட பின் எத்தனை பூச்சி, அதில் எத்தனை காய்ந்து கூடாயின என்று ஒருவர் உட்கார்ந்து எண்ணியிராவிட்டால், அந்தக் குளவி வேலை செய்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரிந்திருக்காது. மருந்துக் கம்பெனி ஏஜெண்டு சொன்னதுதான் வேதமாகியிருக்கும்.

அடுத்த முறை அந்தப் பெண் லீவுக்கு வரும்போது, என்ன எண்ணினாய், என்ன கண்டாய் என்று உட்கார வைத்துக் கேளுங்கள். முடிந்தால் இங்கே கூட்டி வாருங்கள். அவள் பேசட்டும், நாம் எல்லோரும் கேட்போம்.